யோகமலரின் கோப்பிக் கலர்

“இஞ்ச வாங்கோ பிள்ளை. பையை அதில வைச்சிட்டு, முதல் இதை ஒருக்காப் பாத்துச் சொல்லுங்கோ.”

லக்சனா கேற்றிலிருந்து இன்னும் கையை எடுக்கவில்லை. வெருகலிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கி, உட்துறைமுக வீதியை ஒட்டிய அந்த ஒழுங்கைக்குள் விசாரித்து விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்திருந்தாள். வாடகைக்கு அறை பார்க்க வந்தவளை வரவேற்றது பின்வளவிலிருந்து வந்த இந்தக் குரல்தான். அங்கே மூன்று கல் அடுப்பில் பெரிய அலுமினியக் கிடாரம் ஒன்று கொதித்துக்கொண்டிருந்தது. இரண்டு கைகளிலும் சொப்பிங் பைகளை மாட்டி, மணிக்கட்டில் இறப்பர் வளையத்தால் இறுக்கிக்கொண்டு, ஒரு பெண் உடைந்த படகுத் துடுப்பால் கிடாரத்துக்குள் எதையோ புரட்டிக்கொண்டு நின்றார்.

துடுப்பின் நுனியில் ஒரு துணி மூலையைத் தூக்கிக் காட்டி, “இது என்ன கலர்?” என்று கேட்டார்.

லக்சனா அதிகம் பேசுகிறவள் அல்ல. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிறவள். “கத்தரிப்பூக் கலர், அன்ரி.”

துடுப்பு நின்றது. பின்விறாந்தையில் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தவர், பேப்பரைத் தாழ்த்தாமலே ஒருமுறை செருமினார். மதிலுக்கு அந்தப் பக்கம் யாரோ வாளியைக் கீழே வைத்த சத்தம் கேட்டது.

“கத்தரிப்பூவோ?”

“ஓம். கொஞ்சம் கடும் கத்தரிப்பூ.”

“இஞ்சேருங்கோ,” என்று அந்தப் பெண் விறாந்தைப் பக்கம் திரும்பினார். “நீங்கள் சொல்லுங்கோ. இது என்ன கலர்?”

“கோப்பி,” என்றது பேப்பர்.

“றுக்கியா!”

மதிலுக்கு மேலே முக்காடு போட்ட ஒரு தலை எழும்பியது.

“இது என்ன கலர்?”

“கோப்பிதான் யோகம். நல்ல கடும் கோப்பி. ஏன் புள்ள, என்னத்துக்குக் கேக்கிறாய்?”

அந்தப் பெண் லக்சனாவைப் பார்த்துச் சிரித்தார். கோபமில்லாத, சற்று இரக்கப்படுகிற சிரிப்பு. “ரெண்டு பாசையில படிச்ச பிள்ளை எண்டு சொன்னவை. ரெண்டிலயும் கலர் சொல்லித் தரேல்லைப் போல. பறவாயில்லை, இஞ்ச இருந்தாப் பழகிடுவியள். போய் அறையைப் பாருங்கோ. யன்னலைத் திறந்தாக் கடல்காத்து வரும்.”

யோகமலர் அன்றைக்கு அவளிடம் பேசியது அவ்வளவுதான். லக்சனா அறையை எடுத்துக்கொண்டாள். மறுநாள் அந்தத் துணி காய்ந்து, மடித்து, ஒழுங்கையின் உள்வீடு ஒன்றுக்குப் போனது. போகிற வழியில் மறுபடியும் பார்த்தாள். கத்தரிப்பூவாகத்தான் இருந்தது.

*

யோகமலருக்கு அறுபது வயதாகப் போகிறது. மெலிந்த தேகம். நடை விறுவிறுப்பு, ஆனால் படிகளில் மட்டும் காலால் ஒருமுறை தடவிப் பார்த்துத்தான் இறங்குவார். தலைமயிரைப் பின்னாமல் ஒரு பென்சிலைச் செருகிக் கொண்டை போட்டிருப்பார். நகங்களின் ஓரத்தில் எப்போதும் ஒரு நிறம் நிற்கும். சொப்பிங் பைகள் எவ்வளவுதான் காப்பாற்றினாலும் எங்கோ ஒரு ஓட்டை இருந்துவிடும். கலியாண வீடுகளில் இலைக்கு முன் அமரும்போது அவர் விரல்களைப் பார்த்து அடுத்த இலைக்காரர் திடுக்கிடுவதுண்டு. “பயப்பிடாதேங்கோ, இது சாயம், தோல் வருத்தமில்லை,” என்று அவரே முந்திக்கொள்வார்.

தொழில் என்று அதைத் தொடங்கவில்லை. கணவர் சோமசேகரம் துறைமுகத்தில் இழுவைப் படகில் வேலை செய்தவர். ஓய்வுபெற்ற நாளிலிருந்து, பின்விறாந்தையில் பேப்பர் வாசிக்கிற நேரம் தவிர, அவர் மண்டபத்து நீள இருக்கையான செற்றியின் இடது மூலையை விட்டு எழும்புவதில்லை. கடல் பக்கத்து யன்னலால் வருகிற வெயில் செற்றிக் கவரை வெளிறச் செய்துகொண்டே போனது. சோமசேகரம் இருந்த இடத்தில் மட்டும் வெயில் படவில்லை. ஒருநாள் அவர் ஏதோ அலுவலாக எழும்பிப் போனபோது, செற்றியில் அவருடைய உருவம் பழைய பச்சையில் அப்படியே குந்தியிருந்தது.

“மனுசன் கடைக்குப் போயிட்டார், ஆனா வீட்டில இருக்கிறார்,” என்று அதைச் சொல்லும்போதெல்லாம் யோகமலருக்குச் சிரிப்பு வரும். “வாறவை போறவை எல்லாம் அவர் இருக்கிறார் எண்டு நினைச்சு அந்தப் பக்கம் இருக்காமல் விட்டிட்டினம்.”

அன்றைக்குத்தான் சந்தைக்குப் போய்ச் சாயப் பவுடர் வாங்கி வந்தார். கவரைக் கழற்றி, சோடாத் தூளில் ஊறவைத்துத் தோய்த்து, ஈரத்தோடு கொதிநீரில் இறக்கிக் கோப்பி நிறமாக எடுத்தார். சோமசேகரத்தின் உருவம் அதற்குள் மறைந்துபோனது. பார்த்த றுக்கியா தன் கவர்களை மதிலுக்கு மேலால் எறிந்தார். பிறகு ஒழுங்கை முழுவதும் எறியத் தொடங்கியது. முதல் இருவருடைய கவர்களும் வெளிறும்போதெல்லாம் மறுபடி கிடாரத்துக்குள் இறங்கும்.

எல்லாருக்கும் கோப்பிதான். வேறு நிறம் கேட்டால் யோகமலர் கையை விரித்துவிடுவார். “வெளிறினதை இருட்டாக்கத்தான் ஏலும், வெளிச்சமாக்க ஏலாது. பூப் போட்டதோ, கோடு போட்டதோ, கோப்பிக்குள்ள எல்லாம் அடங்கும்.” ஆயத்தக் கோப்பிக் கலர்ச் சாயப் பவுடரை அவர் நம்புவதில்லை. அது ஒரு கழுவலில் ஓடிவிடுமாம். சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றையும் தானே கலப்பார். நீலம் கடைசியாகத்தான் போகும். ஒரு துண்டுத் துணியைத் தோய்த்தெடுத்து, ஈரத்தை நம்பாமல் அயன்பெட்டியால் காயவைத்து, வெயிலுக்கு நேரே பிடித்து, கண்ணைச் சுருக்கிப் பார்ப்பார். பார்த்துவிட்டு எப்போதும் சொல்வது ஒன்றுதான்: “இன்னும் ஒரு கிள்ளு நீலம்.”

தையல் நூலோடு மட்டும் அவருக்கு ஒத்துப்போவதில்லை. துணி பருத்தி, சாயத்தை எடுக்கும். நூல் நைலோன், எடுக்காது. எத்தனை தரம் அவித்தாலும் கவரின் ஓரங்களில் பழைய பச்சையும் பழைய சிவப்பும் புள்ளி புள்ளியாகத் தெரிந்துகொண்டே இருக்கும். “நூல் சாயம் குடிக்காது. பிடிவாதக்காறி,” என்று அதை ஒரு மருமகளைத் திட்டுவதுபோலத் திட்டுவார்.

அடுத்த தொல்லை மான்கள். கோட்டைப் பக்கத்திலிருந்து தெருத் தெருவாக வருகிறவை, கொடியில் துணி ஏறியதும் மணம் பிடித்துவிடும். சாயம் பிடிக்க ஒரு சிரட்டை உப்புப் போடுவார், அந்த உப்பை நக்கத்தான். யோகமலர் துடுப்போடு காவல் நிற்பார். அப்படியும் ஒழுங்கை முகப்பில் குப்பைத் தொட்டியருகே நிற்கிற கொம்பு முறிந்த கலைமானின் வாயோரம் பல நாட்கள் ஊதாவாகத் தெரியும். அது கோப்பி நிறம் என்று யோகமலர் சொல்வார்.

*

லக்சனாவின் குழப்பம் முதல் வாரத்திலேயே தொடங்கிவிட்டது. றுக்கியா வீட்டுக்கு ஒரு கோப்பையைத் திருப்பிக் கொடுக்கப் போனாள். மண்டபத்தில் கத்தரிப்பூ நிறத்தில் ஒரு செற்றி. “இதில இரு மகள். கோப்பிக் கவர், அழுக்குத் தெரியாது,” என்றார் றுக்கியா. ஒழுங்கைக் கடைசி வீட்டுக் கஜந்தி அக்காவிடம் அயன்பெட்டி வாங்கப் போனாள். அங்கேயும் அதே செற்றி, அதே பேச்சு. ஒருவர் முகத்திலாவது சிரிப்பில்லை, கண்சாடை இல்லை. ஒழுங்கை முழுவதும் ஒன்றைச் சொல்லும்போது வெருகலிலிருந்து வந்த ஒருத்தி வேறொன்றைச் சொன்னால், பிழை யாரில்? அலுவலகத்தில் ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்க்கிற வேலை அவளுக்கு. ‘பிரவுண்’ என்பதற்கு ‘மண்ணிறம்’ என்று எழுத வேண்டிய இடத்தில் ஒருநாள் கை நின்றுவிட்டது. அன்று பின்னேரம் சந்தையில் மரக்கறிக் கடைக்கு முன் நின்று, போனில் எடுத்திருந்த செற்றிப் படத்தைக் கத்தரிக்காய்க் குவியலோடு சேர்த்துப் பிடித்துப் பார்த்தாள். “வாங்கிறீங்களா, போட்டோ எடுக்கிறீங்களா?” என்று கேட்டார் கடைக்காரர்.

றுக்கியாவின் திரைச்சீலைக் கதையைக் கேட்ட பிறகு குழப்பம் இன்னும் கூடியது. அவருடைய மகள் பஸ்மியாவுக்குக் கலியாணம் நிச்சயமாகியிருந்தது. அவர்கள் வழக்கப்படி வீடு மகளுக்கு, மாப்பிள்ளை வந்து இருக்கப்போவது இந்த மண்டபத்தில்தான். அதனால் எல்லாம் பொருத்தமாக இருக்க வேண்டும். றுக்கியா கடைக்குப் போன் எடுத்துக் கோப்பி நிறத் திரைத்துணி கேட்டார். வந்தது. செற்றிக்குப் பொருந்தவில்லை. திருப்பிக் கொண்டுபோய்க் கடைக்காரரைக் கிழித்தெடுத்துவிட்டு, செற்றிக் குசன் கவர் ஒன்றைக் கையோடு கொண்டுபோய்ப் பொருத்திப் பார்த்து வாங்கி வந்தார்.

“கடை வைச்சிருக்கிறானாம் கடை. கோப்பி எது எண்டு தெரியாது,” என்று லக்சனாவிடம் குறைப்பட்டுக்கொண்டே புதுத் துணியை விரித்தார். கத்தரிப்பூ.

லக்சனா றுக்கியாவின் முகத்தையே பார்த்தாள். இவர் நடிக்கிறாரா, நம்புகிறாரா? ஒன்றும் பிடிபடவில்லை. “வடிவா இருக்கு மாமி,” என்றாள். அது பொய்யில்லை. வடிவாகத்தான் இருந்தது.

இதற்கிடையில் யோகமலர் ஊசியையும் நூலையும் லக்சனாவிடம் நீட்டத் தொடங்கியிருந்தார். “எனக்குக் கோக்கத் தெரியும். உங்களுக்குப் பழக்கமாகட்டும் எண்டுதான்.” நிலாவெளியில் ஒரு செத்த வீட்டுக்குப் போக வெளிக்கிட்டவர் குச்சவெளியில் போய் இறங்கினார். வழியில் நிலாவெளிப் பலகையைப் பார்க்கவில்லையா என்று கேட்டதற்கு, “அங்கத்தக் காத்து நல்லம்,” என்றார். ஒருநாள் கிடாரத்தின் விளிம்பு எங்கே இருக்கிறது என்று தெரியாமல் உள்ளங்கையை அதன்மேல் ஊன்றிவிட்டார். அன்றைக்குத்தான் சோமசேகரம் செற்றி மூலையிலிருந்து எழுந்து, சேர்ட்டைப் போட்டுக்கொண்டு, “வாரும், ஆஸ்பத்திரிக்குப் போவம்,” என்றார். கைக்கு மருந்து கட்டியவர்களே கண்ணையும் பார்க்கச் சொல்லி அனுப்பினார்கள். இரண்டு கண்ணிலும் புரை முற்றியிருந்தது. முதலில் வலது கண்ணைச் செய்வோம், இடது பிறகு என்று நாள் குறித்தார்கள்.

*

ஒப்பரேசன் முடிந்து வந்த வலது கண்ணுக்கு மேலே வைத்திருந்த பிளாஸ்ரிக் மூடியைக் கழற்றி முதல் துளி மருந்தை விட்டது லக்சனாதான். யோகமலர் கண்ணைச் சிமிட்டிச் சிமிட்டித் திறந்தார். லக்சனாவின் முகத்தில் பார்வை நின்றது.

“நீங்கள் இவ்வளவு சின்னப்பிள்ளையோ?”

பிறகு சுவரைப் பார்த்தார். “ஆர் பெயின்ற் அடிச்சது?” யாரும் அடிக்கவில்லை. சுவர் எப்போதும் வெள்ளைதான். குசினி வாசலில் நின்ற சோமசேகரத்தைப் பார்த்தார். “ஐயோ, உங்களுக்கு எப்ப இவ்வளவு நரைச்சது?” அவர் தலையைத் தடவிக்கொண்டார். இந்த மூன்றாவது கேள்விக்கு எல்லாரும் சிரித்தார்கள். யோகமலரும் சிரித்துக்கொண்டே செற்றிப் பக்கம் திரும்பினார். சிரிப்பு அங்கே நின்றுவிட்டது.

“ஆர் என்ர செற்றிக் கவரை மாத்தினது?”

சோமசேகரம் குசினிக்குள் ஓரடி பின்வாங்கினார்.

யோகமலர் எழுந்து கிட்டப் போனார். வலது கண்ணைக் கையால் பொத்தினார். கையை மாற்றி இடது கண்ணைப் பொத்தினார். மறுபடி வலது. மறுபடி இடது. ஒரு கண்ணுக்குக் கோப்பி, மற்றதுக்குக் கத்தரிப்பூ. ஒரே செற்றி, ஒரே வெயில், ஒரே பெண்.

“இது என்ன கலர்?” என்று கணவரைக் கேட்டார்.

“கோப்பி.”

“எந்தக் கண்ணால?”

சோமசேகரம் மாட்டிக்கொண்டார். யன்னலைப் பார்த்தார், லக்சனாவைப் பார்த்தார், உதவி வரவில்லை. “நீர் கோப்பி எண்டீர். நான் ஓம் எண்டனான். அவ்வளவுதானப்பா.”

“எப்ப இருந்து இது கத்தரிப்பூ?”

“அது ஒரு நாளில நடந்ததில்லை,” என்றார் அவர், மெதுவாக. “நானும் யோசிச்சுப் பாத்தனான். எனக்குத் தெரியேல்லை.”

அது உண்மையென்று அடுத்த கிழமை தெரிந்தது. கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, லக்சனாவின் முழங்கையைப் பிடித்தபடி, யோகமலர் ஒழுங்கையின் முதல் வீட்டிலிருந்து புறப்பட்டார். முதல் வீடு ஜெஸீமாவுடையது. பல வருடங்களுக்கு முன் சாயம் போட்ட கவர். புது மருமகளைப் பார்ப்பதுபோல ஒவ்வொரு மூலையாகப் பார்த்தார். வெளிறியிருந்தாலும் அசல் கோப்பிதான். அடுத்த வீட்டில் கோப்பிக்குள் கொஞ்சம் சிவப்பு. அதற்கடுத்ததில் இலுப்பைப் பூ வாடினாற்போல் ஏதோ ஒரு நிறம். நாலாம் வீட்டில் ஈரலின் நிறம். அப்படியே உள்ளே போகப் போக, ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கிள்ளு நீலம் கூடிக்கொண்டே வந்தது. எந்தச் செற்றியோடு கோப்பி முடிந்தது, எதிலிருந்து கத்தரிப்பூ தொடங்கியது என்று கோடு போட்டுக் காட்ட ஒருவராலும் முடியாது. அவருடைய கண்ணில் புரை வளர்ந்த கதை வீடு வீடாக விரித்துப் போட்டிருந்தது. அதன்மேல் ஆட்கள் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்கள்.

புரை பார்வையை மஞ்சளாக்குமாம். ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். எல்லாம் மஞ்சளாகத் தெரிந்தபடியால்தான் மஞ்சளைக் குறைத்து நீலத்தைக் கூட்டியிருக்கிறார்.

ஒவ்வொரு வீட்டிலும் கண்ணாடியைக் கழற்றி, “இது என்ன கலர்?” என்று கேட்டார். ஒவ்வொருவரும் கோப்பி என்றார்கள். கஜந்தி மட்டும் கொஞ்சம் தடுமாறி, “நீங்கள் சொன்ன கலர்தான் அன்ரி,” என்றாள்.

“நான் என்ன கலர் எண்டு சொன்னனான்?”

“கோப்பி.”

வீட்டுக்கு வந்து தன் செற்றியில், கணவரின் மூலைக்கு எதிர்மூலையில் இருந்தார். “பிள்ளை, எனக்குக் கோவம் வருதோ சிரிப்பு வருதோ எண்டே விளங்கேல்ல,” என்றார். “நல்லாயிருக்கு எண்டு சொன்னவையோ, பாவம் எண்டு சொன்னவையோ? இவ்வளவு காலமும் என்ர கை வேலையைத் தந்ததோ, என்ர முகம் வேலையைத் தந்ததோ? அது தெரிஞ்சாக் காணும் எனக்கு. தெரியாட்டி இனித் துடுப்பைத் தொடமாட்டன்.”

லக்சனாவுக்கும் தெரியவில்லை. அவள் கண் மருந்தை எடுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் இருந்தாள்.

*

றுக்கியாவின் கவர்கள் மட்டும் காத்துக் கிடந்தன. கலியாணத்துக்காக மறுபடி சாயமேற்றக் கொடுத்தவை. வேண்டாமென்று திருப்பிக் கொடுக்க முடியாத வேலை. அடுப்புப் புகைக்குக் கிட்டப் போகலாம் என்று டொக்டர் சொன்ன அன்றே யோகமலர் கிடாரத்தை ஏற்றினார். கவர்களிலிருந்த பழைய சாயத்தை முதலில் சோடாவும் காரமும் போட்டு அவித்து, ஏலுமான மட்டும் இறக்கினார். பிறகு மூன்று பவுடரையும் கலந்தார். புதுக் கண்ணால் பார்த்தார். நீலம் ஒரு கிள்ளுகூடக் கூடுதலாகப் போகவில்லை. காய்ந்து வந்தது அசல் கோப்பி. மான் வந்து ஒரு மூலையை நக்கியது. அதைக்கூட அவர் அடிக்கவில்லை.

தானே தூக்கிக்கொண்டு போனார். லக்சனா குசன் கவர்களோடு பின்னால் போனாள். செற்றிக்குப் போட்டு முடித்ததும் றுக்கியா இரண்டடி பின்வாங்கி நின்று பார்த்தார். பின்னால் யன்னலில் புதுத் திரைச்சீலைகள் கத்தரிப்பூ நிறத்தில் அசைந்துகொண்டிருந்தன.

“யோகம், இது என்ன கலர்?”

இத்தனை காலமும் யோகமலர் மட்டுமே கேட்ட கேள்வி அது.

“கோப்பி.”

“இல்ல புள்ள. இது கோப்பி இல்ல.”

“இதுதான் றுக்கியா கோப்பி. வேணுமெண்டா ஒரு கோப்பி ஊத்திக்கொண்டு வந்து பக்கத்தில வைச்சுப் பார்.”

றுக்கியா உண்மையாகவே குசினிக்குள் போனார். கோப்பையோடு வந்து அதைச் செற்றியின் கைப்பிடியில் வைத்தார். கோப்பிக்கும் துணிக்கும் ஒரு மயிரிழை வித்தியாசமில்லை. மூவரும் குனிந்து பார்த்தார்கள். பஸ்மியாவும் உள்ளேயிருந்து வந்து எட்டிப் பார்த்துவிட்டுத் தாயைப் பார்த்தாள்.

“இது குடிக்கிற கோப்பி,” என்றார் றுக்கியா. “எனக்கு எங்கட கோப்பி வேணும்.”

யோகமலர் நிமிர்ந்தார். “அப்ப நீ தெரிஞ்சுகொண்டுதானே பேசாமல் இருந்தனி?”

“தெரிஞ்சும் இருந்திச்சு, தெரியாமலும் இருந்திச்சு. முதல்ல பாக்க ஒரு மாதிரித்தான். நீ துடுப்பைப் புடிச்சுக்கொண்டு கோப்பி எண்டு நிக்கிறாய், நான் இல்லையெண்டா சொல்ல? பொறகு கண்ணுக்குப் பழகிட்டு. பொறகு ஆசையும் வந்துட்டு. மாப்புள வீட்டாக்கள் வந்து இதில இருந்து, இந்தக் கலர் எங்க எடுத்தீங்க எண்டு கேட்டவங்க. எங்கட அடுத்த வீட்டு ஆளிட்டக் குடுத்தது எண்டு பெருமையாச் சொன்னனான். இப்ப நீ கண்ணை வெட்டிட்டு வந்து என்ன வேலை பாத்து வைச்சிருக்கிறாய்? திரையெல்லாம் தைச்சாச்சு!”

“என்ர முகத்தைப் பாத்துச் சொன்னியோ, நல்லாயிருந்து சொன்னியோ? ஒண்டைச் சொல்லு.”

“ரெண்டும்தான்,” என்றார் றுக்கியா. “ரெண்டையும் பிரிச்சுத் தா எண்டா எனக்கு ஏலா. நீயும் மூணு பவுடரைக் கலந்து போட்டுட்டுப் பிரிச்சுத் தருவியா?”

யோகமலர் கைப்பிடியிலிருந்த கோப்பியை எடுத்து, ஆறிப்போக முதல் குடித்து முடித்தார். பிறகு கவர்களின் சிப்பைத் திறந்து ஒவ்வொன்றாகக் கழற்றத் தொடங்கினார்.

“உன்ட பழைய கண் ஒண்டு மிச்சமிருக்குத்தானே?” என்று றுக்கியா அவர் முதுகுக்குப் பின்னால் கேட்டார். “அதால பாத்துப் போடு.”

மறுநாள் கிடாரம் மறுபடி ஏறியது. சிவப்பும் நீலமும் போயின. யோகமலர் துண்டுத் துணியை அயன் பண்ணி, வெயிலுக்கு நேரே பிடித்து, வலது கண்ணை உள்ளங்கையால் இறுகப் பொத்திக்கொண்டு பார்த்தார். “இன்னும் ஒரு கிள்ளு நீலம்.” மறுபடி பார்த்தார். இன்னும் ஒரு கிள்ளு. இடது கண் கோப்பி என்று சொன்னதும் நிறுத்தினார். மதிலுக்கு மேலே முக்காட்டுத் தலை எழும்பிப் பார்த்து, “இது, இதுதான் கோப்பி,” என்றுவிட்டு இறங்கியது. லக்சனாவுக்கு அந்த இடத்தில் சிரிப்பு வந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கலியாணத்தன்று அந்த மண்டபத்தில் யோகமலர் ஓர் ஓரமாக இருந்தார். வந்தவர்களில் சிலர் செற்றியைத் தடவிப் பார்த்தார்கள். ஒரு பெண் தன் மகளிடம் எதையோ காட்டிச் சொன்னாள். அது நிறத்தைப் பற்றியதா, தையலைப் பற்றியதா என்று தெரியவில்லை. யோகமலர் இரண்டு கண்களையும் மாறி மாறிப் பொத்திப் பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்ட ஒருவர், தூசி விழுந்துவிட்டதா என்று கேட்டு கைலேஞ்சியை நீட்டினார்.

*

இடது கண்ணுக்கும் நாள் வந்துவிட்டது. போகாமல் விட முடியாது. அந்தக் கண்ணால் இப்போது கிடாரத்தின் விளிம்புகூடத் தெரிவதில்லை. போவதற்கு முதல் நாள் பின்னேரம் லக்சனா வேலையால் வந்தபோது வீட்டில் யோகமலர் மட்டும் இருந்தார். சோமசேகரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகப் பழம் வாங்கக் கடைக்குப் போயிருந்தார். யன்னலால் வந்த சரிந்த வெயில் செற்றியின் பாதிக்குமேல் படர்ந்திருந்தது. யோகமலர் செற்றியில் இருக்கவில்லை. எதிரே ஒரு கதிரையைப் போட்டுக்கொண்டு, வலது கண்ணைப் பொத்தியபடி அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இருங்கோ பிள்ளை,” என்றார், கையை எடுக்காமல். “நாளைக்கு இந்தக் கண்ணும் போனால் இந்தக் கோப்பியும் போயிடும். பிறகு எனக்கு ரெண்டு கண்ணுக்கும் கத்தரிப்பூதான். பவுடர் எவ்வளவு போடுறது எண்டு கைக்குத் தெரியும், போடுவன். றுக்கியா கேட்டாலும் போடுவன், கஜந்தி கேட்டாலும் போடுவன். ஆனா அது என்ன எண்டு எனக்குத் தெரியாது.”

லக்சனா அவர் பக்கத்தில் தரையில் இருந்தாள். செற்றியின் ஓரத் தையலில் பழைய பச்சை நூல் வெயிலுக்குப் புள்ளி புள்ளியாகத் தெரிந்தது.

“இந்த ஒழுங்கையில எல்லாரும் சாயம் குடிச்சிட்டினம். நீங்கள் ஒரு ஆள்தான் நூல் மாதிரி நிண்டனீங்கள். வந்த அண்டைக்கே கத்தரிப்பூ எண்டு சொன்னீங்கள், நான் உங்களைப் பாத்துச் சிரிச்சனான்.” பொத்திய கையை இன்னும் இறுக்கினார். மற்றக் கையை நீட்டி, சாயம் ஏறிய விரல்களால் லக்சனாவின் மணிக்கட்டைப் பிடித்தார்.

“ஆனாப் பிள்ளை, ஆஸ்பத்திரியால வந்து நான் கட்டாயம் கேட்பன். எனக்கு என்னைத் தெரியும், கேட்காமல் இருக்க ஏலாது. இது என்ன கலர் எண்டு நான் கேட்கேக்க, நீங்களும் கோப்பி எண்டு சொல்லுங்கோ.”